கையைப் பின்னால் கட்டிக்கொண்டு

மகன் வீட்டுக்கு வந்து நான்கு மாதம் ஆகிறது. "அமெரிக்கா பற்றி ஏதாவது எழுதுங்கள் சார்" என்று பலர் கேட்டீர்கள். நயாகராவைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். நான் இங்கே பார்த்த ஒரு டீச்சரைப் பற்றி எழுதுகிறேன். கொஞ்சம் நீளமான பதிவு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

மகன் இருப்பது வட கரோலினா மாநிலத்தில் கேரி என்ற ஊர். போன வருடம் அவன் ஒரு பழைய டிரெய்லர் வாங்கினான். பொதுவாக ஆர்.வி. என்கிறார்கள். கட்டில், அடுப்பு, ஃபிரிட்ஜ், கழிப்பறை எல்லாம் உள்ள ஓடும் வீடு. பஸ் மாதிரி தானே ஓடுவதும் உண்டு, பிக்கப் வண்டியின் பின்னால் மாட்டி இழுத்துப் போவதும் உண்டு. மகனுடையது இழுத்துப் போகிற வகை, 22 அடி நீளம். கொரோனா காலத்தில் ஓட்டலுக்கும் விமானத்துக்கும் பயந்த ஜனங்கள் இதை வாங்கித் தள்ளியிருக்கிறார்கள். 2021ல் மட்டும் 6 லட்சம் வண்டிகளுக்கு மேல் தொழிற்சாலைகளிலிருந்து வெளியே போயின.

வேடிக்கை என்னவென்றால், மகனுடைய டிரெய்லர் அளவுக்குத் தனி லைசென்ஸ் எதுவும் வேண்டாம். கார் லைசென்ஸ் போதும். பணத்தைக் கட்டியதும் சாவியைக் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். எங்கள் ஊரில் டிரைலரோடு டிராக்டரைப் பின்னால் எடுத்துக் களத்துக்குள் விடத் தெரிந்தவருக்குத் தனி மரியாதை உண்டு. எத்தனை வருடப் பழக்கம் அது! இங்கே ஒன்றும் தெரியாமலே ஆரம்பிக்கிறார்கள்.

நாங்கள் வந்த மாதமே எங்களையும் கூட்டிக்கொண்டு ஜோர்டான் ஏரிக்குப் போனான். வீட்டிலிருந்து பக்கம்தான். காடும் தண்ணீரும் சேர்ந்த இடம். வெண்தலைக் கழுகுகள் அங்கே உண்டு. ஆயிரத்துக்கும் மேற்பட்ட முகாம் இடங்கள் இருக்கின்றன. ஆனால் நாங்கள் போய்ச் சேர்ந்தபோது இருட்டத் தொடங்கிவிட்டது.

எங்களுக்கு ஒதுக்கிய இடத்துக்குள் டிரெய்லரைப் பின்பக்கமாக விட வேண்டும். இரண்டு பக்கமும் மரம். மருமகள் செல்போன் வெளிச்சத்தோடு பின்னால் நின்று வழி சொன்னாள். "லெஃப்ட்" என்றாள். "எந்த லெஃப்ட்? உன் லெஃப்டா, என் லெஃப்டா? வாயைத் திறந்து ஒழுங்கா சொல்லு!" என்று மகன் கத்தினான். ஸ்டியரிங்கை ஒடித்த பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் டிரெய்லர் போயிற்று. மறுபடி முன்னால், மறுபடி பின்னால். பக்கத்து இடத்துக்காரர்கள் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முக்கால் மணி நேரம் கழித்து 'டப்' என்று ஒரு சத்தம். பின்விளக்கு மரத்தில் மோதி உடைந்தது.

மருமகள் ஒரு வார்த்தை பேசவில்லை. பேரனைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்ப் படுத்துவிட்டாள். மறுநாள் வீட்டுக்கு வந்ததும் சொன்னாள்: "இதை வித்துடுங்க. இனிமே நான் வரலை." அதன் பிறகு ஒரு வாரம் வீட்டில் சாப்பாட்டுத் தட்டுச் சத்தம்தான் கேட்டது. விளக்கு உடைந்ததா அவர்கள் பிரச்சினை?

அன்று இரவு என் வீட்டம்மாவிடம், "இவன் ஏன் இப்படிக் கத்துறான்? யார்கிட்ட கத்துக்கிட்டான்?" என்று கேட்டேன். அவள் திரும்பிக்கூடப் பார்க்காமல், "அது அவன் குரல் இல்லைங்க. நாலாங்கிளாஸ் கணக்கு பீரியட்ல வர்ற உங்க குரல்" என்றாள். எங்கள் வீடு பள்ளிக்கூடத்துக்குப் பின்னால்தான் இருந்தது. அவளுக்குச் சமையலறையில் எல்லாம் கேட்கும். மகனும் என்னிடம்தான் நாலாவதும் ஐந்தாவதும் படித்தான். எனக்குப் பதில் சொல்ல முடியவில்லை.

பிறகு மகனுடைய அலுவலக நண்பர் ஒருவர் ஒரு தம்பதியைப் பற்றிச் சொன்னார். இருவருக்கும் எழுபதுக்குப் பக்கம் வயது. அந்த அம்மா 30 வருடம் மூன்றாம் வகுப்பு டீச்சர். அவர் லாரி ஓட்டியவர். வீட்டை விற்றுவிட்டு முழுநேரமும் ஆர்.வி.யிலேயே வாழ்கிறார்கள். இவர்களைப் போன்றவர்கள் இங்கே நிறையப் பேர் உண்டு. நிலையான முகவரி வேண்டும் என்பதற்காகத் தெற்கு டகோட்டா மாதிரி மாநிலங்களில் கடிதம் வாங்கி வைக்கும் இடத்தில் ஒரு முகவரி வைத்துக்கொள்கிறார்கள். இந்தத் தம்பதி குளிர்காலத்தில் புளோரிடா, கோடையில் வடக்கே மிச்சிகன் பக்கம். போகிற வழியெல்லாம் புதிதாக வண்டி வாங்கியவர்களுக்கு இரண்டு நாள் பாடம் நடத்துவதுதான் அவர்கள் வேலை.

மருமகள் வரமாட்டேன் என்றாள். "விக்கிறதுக்கு முன்னாடி ஒரு தடவை பார்த்துடலாம்மா" என்று என் வீட்டம்மா சொன்னதற்காக வந்தாள்.

அதே ஜோர்டான் ஏரி. இந்த முறை பிற்பகல் இரண்டு மணிக்கே வரச் சொல்லிவிட்டார்கள். ஒரு நாளைக்கு 300 மைலுக்கு மேல் ஓட்டாதே, மூன்று மணிக்குள் போய்ச் சேர், ஒரு இடத்தில் மூன்று நாளாவது தங்கு என்று இங்கே ஒரு வழக்கு உண்டாம். இருட்டில் இடம் தேடினால் பாதிச் சண்டை அங்கேயே ஆரம்பித்துவிடும் என்றார் அந்த அம்மா.

அவர் முதலில் வண்டிப் பக்கமே போகவில்லை. எல்லோரையும் மேசையில் உட்கார வைத்து, "உங்களுக்கு இதில் எதைக் கண்டால் அதிக பயம்?" என்று கேட்டார். மகன், "பயமெல்லாம் இல்லை" என்றான். மருமகள் ரொம்ப நேரம் கழித்து, "அவர் கத்துறது" என்றாள். அந்த அம்மா அதையும் அப்படியே தாளில் எழுதிக்கொண்டார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. 36 வருடம் வகுப்பு எடுத்தவன் சொல்கிறேன், அது எவ்வளவு பெரிய திறமை என்று எனக்குத் தெரியும்.

பிறகு ஒரு காலியான வண்டி நிறுத்தும் இடத்துக்குப் போனோம். ஆரஞ்சு நிறக் கூம்புகளை வரிசையாக வைத்தார். ஸ்டியரிங்கில் மருமகளை உட்காரச் சொன்னார். மகன் திகைத்துப்போனான். அவன் வழி சொல்கிறவனாக நிற்க வேண்டும்.

பாடம் நாலு வரிதான். ஸ்டியரிங்கின் அடிப்பாகத்தைப் பிடி. டிரெய்லரின் பின்பக்கம் எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கம் கையை நகர்த்து. வழி சொல்கிறவர் கண்ணாடியில் தெரியாவிட்டால் உடனே நிறுத்து. சந்தேகம் வந்தால் இறங்கிப் போய்ப் பார். 'இடது, வலது' என்று சொல்லாதே. 'டிரைவர் பக்கம், அந்தப் பக்கம்' என்று சொல். போனில் பேசு, கத்த வேண்டியதே இல்லை.

முதல் தடவை இரண்டு கூம்புகள் விழுந்தன. மகன் வாயைத் திறந்தான். அந்த அம்மா, "விழட்டும். விழுவதற்குத்தான் கூம்பு" என்றார். ஆறாவது தடவை டிரெய்லர் நேராக உள்ளே போயிற்று. மருமகள் இறங்கிப் போய்ச் சுற்றிப் பார்த்தாள். பிறகு யாரும் சொல்லாமலே, "இன்னொரு தடவை" என்றாள்.

நான் அந்த அம்மாவின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு நாளும் கையைப் பின்னால் கட்டியே நின்றார். கழற்றுவதற்கு முன்னால் சக்கரத்துக்குக் கட்டை வைக்க வேண்டும். மகன் மறந்துவிட்டான். அவர் கட்டையை எடுத்துக் கொடுக்கவில்லை. "பட்டியலில் அடுத்தது என்ன?" என்று மட்டும் கேட்டார். பட்டியலை வாசிப்பது ஏழு வயதுப் பேரனின் வேலை. அவன் கலெக்டர் மாதிரி வாசித்தான். டிரெய்லரின் உயரத்தைக் கூரையில் இருக்கும் ஏ.சி.யோடு சேர்த்து அளந்து, அட்டையில் எழுதி, பிக்கப்பின் முன்கண்ணாடிக்குக் கீழே ஒட்டச் சொன்னார். பக்கத்து டர்ஹாம் ஊரில் ஒரு ரயில் பாலம், உயரம் 11 அடி 8 அங்குலம். எத்தனையோ லாரிகளின் கூரையை அது டப்பா மூடி மாதிரி உரித்திருக்கிறது. 2019ல் 8 அங்குலம் தூக்கிவிட்டார்கள். அதன் பிறகும் வந்து மோதுகிறார்கள்.

கழிவுத் தொட்டி பாடமும் நடந்தது. கழிப்பறைத் தொட்டியை முதலில் திறக்க வேண்டும், குளித்த, பாத்திரம் கழுவிய தண்ணீர்த் தொட்டியை அடுத்து. அந்தத் தண்ணீரே குழாயைக் கழுவிவிடும். கழிப்பறைத் தொட்டியின் வால்வை எப்போதும் திறந்து வைக்கக்கூடாது. தண்ணீர் மட்டும் ஓடிப்போய், மற்றது உள்ளேயே மலையாக நின்றுவிடும். மகன் கையுறை போட்டுக்கொண்டு செய்தான். ஐ.டி. கம்பெனி மேனேஜரை அந்தக் கோலத்தில் பார்த்து என் வீட்டம்மா சிரித்த சிரிப்பு இன்னும் அடங்கவில்லை.

அன்று மாலை அந்தத் தம்பதி ஐந்து இடம் தள்ளித் தங்கள் வண்டிக்குப் போய்விட்டார்கள். "தீ, கேஸ் வாசனை, யாருக்காவது உடம்பு சரியில்லை. இந்த மூன்றுக்கு மட்டும் கதவைத் தட்டுங்கள். மற்றது உங்களுக்கே தெரியும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இரவு ஒன்பதரைக்குப் பேரனுக்குப் பால் சூடு பண்ண மைக்ரோவேவைப் போட்டதும் மொத்த வண்டியும் இருண்டுவிட்டது. மகன் எழுந்தான். நானும் எழுந்தேன். என் வீட்டம்மா என் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள். மருமகள் இருட்டிலேயே விரல் விட்டு எண்ணினாள். "ஏ.சி. ஓடுது. வெந்நீர் ஹீட்டரும் கரண்ட்ல ஓடுது. அதோட மைக்ரோவேவ். நமக்கு 30 ஆம்ப்தான்." ஹீட்டரையும் ஏ.சி.யையும் அணைத்துவிட்டு, டார்ச்சை எடுத்துக்கொண்டு தனியாக வெளியே போனாள். கம்பத்துப் பெட்டியைத் திறக்கிற சத்தம் கேட்டது. அந்த இரண்டு நிமிடம் சும்மா உட்கார்ந்திருக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். விளக்கு வந்தது. உள்ளே வந்தவள், "மாமா, உங்களுக்கும் பால் வேணுமா?" என்றாள். மகன் அவளைப் பார்த்து, மெதுவான குரலில், "அன்னைக்கு நான் அப்படிக் கத்தியிருக்கக் கூடாது" என்றான்.

எனக்கு அன்று தூக்கம் வரவில்லை. 2007 வாக்கில் செயல்வழிக் கற்றல் வந்தபோது எங்களுக்கும் பயிற்சி கொடுத்தார்கள். தரையில் பிள்ளைகளோடு உட்காருங்கள், அட்டையைப் பிள்ளையே எடுக்கட்டும் என்றார்கள். நானும் உட்கார்ந்தேன். ஆனால் ஒரு பிள்ளை கழித்தல் கணக்கில் கடன் வாங்கத் தெரியாமல் தயங்கினால் என்னால் பத்து நொடி பொறுக்க முடியாது. "இங்க கொடு" என்று சாக்பீஸைப் பிடுங்கி நானே போட்டுவிடுவேன். கணக்கு சரியாக வரும். வகுப்பு முடியும். அந்தப் பிள்ளைக்கு அடுத்த நாளும் வராது. அதற்கும் கத்துவேன். மகனுக்குச் சைக்கிள் கற்றுக்கொடுத்தபோதும் கேரியரை விடவே இல்லை. கடைசியில் பக்கத்து வீட்டுப் பையனிடம்தான் கற்றுக்கொண்டான். 'பயமில்லை' என்று அவன் சொன்னது பொய். தப்பு செய்தால் பிடுங்கிக்கொள்வார்கள் என்ற பயத்தில் வளர்ந்தவன் கத்தாமல் என்ன செய்வான்?

மறுநாள் காலை காபியோடு அந்த அம்மாவைப் பார்க்கப் போனேன். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், "கையை எப்போதும் பின்னாலேயே வைத்திருக்கிறீர்களே, எப்படி முடிகிறது?" என்று கேட்டேன். நானும் டீச்சர் என்று தெரிந்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டார். "எனக்கு என் கைகள் மேல் நம்பிக்கை கிடையாது. முன்னால் விட்டால் அவை வேலையைப் பிடுங்கிவிடும். அதனால்தான் கட்டி வைக்கிறேன். பள்ளிக்கூடத்தில் இதைக் கற்றுக்கொள்ள எனக்குப் பத்து வருடம் ஆயிற்று" என்றார். எனக்கு 36 வருடத்திலும் வரவில்லை என்று சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "இப்போது பார்த்துவிட்டீர்களே" என்றார்.

டிரெய்லரை விற்கவில்லை. அடுத்த மாதம் புளூ ரிட்ஜ் மலைப்பக்கம் போகிறோம். இடத்துக்குள் வண்டியை விடப் போவது மருமகள். பேரன் இப்போது என்னிடம் தமிழ் எழுதப் பழகுகிறான். நேற்று 'ஞ' எழுத உட்கார்ந்தான். சுழியை எந்தப் பக்கம் போடுவது என்று தெரியாமல் பென்சிலைத் தூக்கிக்கொண்டே இருந்தான். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். நாலு தடவை அழித்தான். ஐந்தாவது தடவை வந்த எழுத்து கொஞ்சம் கோணல்தான். ஆனால் அவன் எழுத்து.

பணியில் இருக்கும் ஆசிரிய நண்பர்களே, நீங்கள் எப்படிச் சமாளிக்கிறீர்கள்? கீழே எழுதுங்கள். என்னிடம் படித்தவர்கள் யாராவது இதை வாசித்தால், அந்தச் சாக்பீஸ்களுக்காக இந்தக் கிழவனை மன்னித்துவிடுங்கள்.