வாப்பாவின் காது

தொலைபேசியில் என்னோடு கதைக்க வாப்பாவுக்கு விருப்பமில்லை என்று நெடுநாள் நினைத்திருந்தேன். 1998இல் சவூதி அரேபியாவின் ஜுபைலுக்கு வேலைக்குப் போனதிலிருந்து வாரம் ஒருமுறை வீட்டுக்கு எடுப்பேன். "நல்லா இரிக்கியா மகன்?" என்பார். நான் பதில் சொல்லி முடிக்குமுன் உம்மாவிடம் கொடுத்துவிடுவார். என்மேல் ஏதோ மனத்தாங்கல் என்றே எடுத்துக்கொண்டேன்.

மருதமுனையில் கைத்தறி நெய்து பழகியவர் வாப்பா. பிறகு மேல் மாகாணத்து நெசவாலை ஒன்றில் இருபத்திரண்டு வருடம் விசைத்தறி ஓட்டினார். ஒவ்வொரு தறியிலும் நாடா இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓயாமல் மோதும். அந்த இரைச்சலில் உதட்டைப் பார்த்தே கதை. ஊரோடு வந்த பிறகும் எங்கள் முகத்தை உற்றுப் பார்த்தே பதில் சொல்வார். பாசம் என்று நினைத்தோம்.

ஜுபைலில் எனக்குக் கம்ப்ரசர் கூடத்தில் வேலை. வாசலில் ஒரு பெட்டி நிறைய மஞ்சள் நுரைத் தக்கைகள் இருக்கும். பேருக்கு நுனியை மட்டும் காதில் செருகிக்கொண்டு போவேன். ஒருநாள் பாதுகாப்பு அதிகாரி என்னை மறித்தார். தக்கையை விரல்களால் உருட்டி ஈர்க்குப்போல் ஒடுக்கினார். மறுகையைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோய்க் காதை மேலும் பின்னுமாக இழுக்கச் செய்தார். தக்கையை உள்ளே செலுத்தி, அரை நிமிடம் விரலை எடுக்காதே என்றார். நுரை மெல்ல விரிந்தது. கூடமே தூரப் போனதுபோல் இருந்தது.

பிறகு கணக்குச் சொன்னார். 85 டெசிபல் இரைச்சலில் நாளுக்கு 8 மணித்தியாலம் நிற்கலாம். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 100 டெசிபல் என்றால் கால் மணித்தியாலம்தான். உட்காதின் நுண்ணிய மயிர்க்கலங்கள் அழிந்தால் மீண்டும் முளைக்கா. முதலில் போவது ச, ஸ, ஷ போன்ற கீச்சொலிகள். குரல் கேட்கும், சொல் விளங்காது.

அன்றிரவு எனக்குத் தூக்கமில்லை. தொலைபேசியில் என் உதடு வாப்பாவுக்குத் தெரியாது.

2000இல் லீவில் வந்தபோது ஒரு சோடித் தக்கையை அவர் கையில் வைத்து, முகத்துக்கு நேரே நின்று விளக்கினேன். நூல் முடிந்த விரல்கள், ஒருமுறை காட்டியதும் அழகாக உருட்டின.

"நாங்க பஞ்சு வெச்சாலும் மேஸ்திரி ஏசுவாரு மகன். தறி பிழைச்சாக் கேக்காதாம்" என்றார். தக்கை விரிவதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இவ்வளவுதானா?" என்று கேட்டார்.

திரும்பிப் போனபின் அவருக்குக் கடிதம் எழுதத் தொடங்கினேன். பதினைந்து நாளில் பதில் வந்தது. நான்கு பக்கம். இரண்டு வருடம் கதைக்காததையெல்லாம் எழுதியிருந்தார். கடைசி வரி இது: "பழைய தக்கையைத் திருப்பிப் போடாதே. ஒவ்வொரு நாளும் புதிது எடு."