நீலம் 22, மஞ்சள் 24

நர்ஸ் இன்டர்வியூவில் கேனுலா நிறத்தைத்தான் முதலில் கேட்கிறார்கள். பெரிய ஆஸ்பத்திரியோ சின்ன ஆஸ்பத்திரியோ, அங்கிருந்துதான் ஆரம்பம்.

16 சாம்பல். 18 பச்சை. 20 ரோஸ். 22 நீலம். 24 மஞ்சள். 26 ஊதா. எண் ஏற ஏற ஊசி மெலியும்.

பிறகு சொட்டுக் கணக்கு. 500 மிலி சலைன், 8 மணி நேரம், மில்லிக்கு 20 சொட்டு விழும் செட். நிமிஷத்துக்கு 21 சொட்டு.

பிறகு, "எக்ஸ்பீரியன்ஸ் இருக்காம்மா?"

நாலு வருஷம் வார்டு வார்டாகப் போஸ்டிங் போனது அந்தக் கேள்விக்குள் வராது.


இல்லை என்று யாரும் சொல்வதில்லை. "கால் பண்றோம்மா."

அதன் பிறகு போன் அடித்தாலே நெஞ்சு எகிறுகிறது. எடுத்தால், லோன் வேணுமா மேடம் என்று ஒரு பெண் குரல். எழுதிவைத்ததைப் படிக்கிற மாதிரி இருக்கிறது. அவளும் வேலைக்குச் சேர்ந்து முதல் மாசமாக இருக்கலாம். வேண்டாம்மா என்று சொல்லித்தான் வைக்கிறேன்.

வேலைக்கு எடுக்கவில்லை என்று ஒரு வரி எஸ்எம்எஸ் போதும். அடுத்த நாள் வேறு இடத்துக்குக் கிளம்பிவிடலாம்.

வார்டில் இப்படி விட முடியாது. அட்டெண்டர் வந்து கேட்டால் பதில் சொல்லணும், தெரியாவிட்டால் தெரிந்தவரைக் கூப்பிடணும். முதல் வருஷமே சொல்லிக் கொடுத்தது.


காத்திருக்கும் இடத்தில் எல்லோரிடமும் ஒரே மாதிரி பட்டன் வைத்த பிளாஸ்டிக் ஃபைல். பத்தாவது, பன்னிரண்டாவது மார்க் ஷீட், டி.சி., புரொவிஷனல், கவுன்சில் ரெஜிஸ்ட்ரேஷன். வரிசை மாறாமல் அடுக்கியிருக்கும். யார் ஃபைலைத் திறந்தாலும் என் ஃபைல் மாதிரியே இருக்கிறது.

பக்கத்து நாற்காலிப் பெண் தன் மணிக்கட்டைப் பிடித்து பல்ஸ் பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் பார்த்தேன். 104. மூன்று விரலால் பார்க்கணும். கட்டைவிரலுக்கே தனித் துடிப்பு உண்டு, அது ஏமாற்றிவிடும்.

அவளுடையது 110. ஊர் தேனிப் பக்கம். இரண்டு பேரும் பேசிக்கொண்டிருந்ததில் என் பெயரைக் கூப்பிட்டது காதில் விழவில்லை.


இன்டர்வியூ அறையில் மூன்று பேர். எச்.ஆர்., ஒரு டாக்டர், நர்சிங் சூப்பிரண்டண்ட் மேடம். மேடத்தின் விரல் இடுக்குகளில் தோல் உரிந்து வெளுத்திருந்தது. ஹேண்ட் ரப் போட்டுப் போட்டு வருவது. அவர் கேட்டதெல்லாம் வேலையைப் பற்றி. பொட்டாசியம் குளோரைடை நேராக ஐவி புஷ் கொடுக்கலாமா? கூடவே கூடாது மேடம், கலந்து, மெதுவாக. தலையாட்டினார்.

தலையாட்டிவிட்டு எச்.ஆர். முகத்தைப் பார்த்தார்.


கிளம்பும்போது அந்த மேடத்திடம் மட்டும் கேட்டேன். நான் இன்னும் எதைப் படிக்கணும் மேடம்?

"ஏபிஜி ரிப்போர்ட் பார்க்கத் தெரியணும்மா. அது தெரிஞ்சா ஐசியூவுக்குக் கூப்பிடுவாங்க."

பஸ்ஸில் ஏறியதும் ஏபிஜி என்ற ரத்த வாயுச் சோதனைக் கணக்கை எழுதிக்கொண்டேன். பிஹெச் 7.35 முதல் 7.45. கார்பன் டை ஆக்சைடு 35 முதல் 45. பைகார்பனேட் 22 முதல் 26. பிஹெச்சும் கார்பன் டை ஆக்சைடும் எதிரெதிராகப் போனால் மூச்சில் கோளாறு. பிஹெச்சும் பைகார்பனேட்டும் ஒரே திசையில் போனால் வளர்சிதை மாற்றத்தில் கோளாறு.

மறுத்த இடத்திலிருந்து வீட்டுக்குக் கொண்டுவர ஏதோ ஒன்று கிடைத்தது. இனி எல்லா இடத்திலும் கேட்கணும். எச்.ஆரிடம் இல்லை. வார்டு பார்த்தவரிடம்.


பஸ்ஸில் நரம்பு பார்க்கும் பழக்கம் விடவில்லை.

மாட்டுத்தாவணி பஸ் கண்டக்டர். முன்கையில் கட்டைவிரல் பக்கமாக ஏறும் நரம்பு, கயிறு மாதிரி. 18 பச்சை கண்ணை மூடிக்கொண்டு போடலாம். பக்கத்தில் கைக்குழந்தையோடு ஒரு அக்கா. குழந்தைக்குப் புறங்கை கொழுகொழுவென்று ஒன்றுமே தெரியவில்லை. 24 மஞ்சள்தான், அதுவும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கணும். ஜன்னலோரம் ஒரு பெரியவர். நரம்பு நன்றாகத் தெரிகிறது, ஆனால் தொட்டால் நழுவும். தோலை இழுத்துப் பிடித்துக்கொண்டு போடணும். போட்டதும் டூர்னிக்கெட்டை உடனே தளர்த்தணும். இல்லையென்றால் உடைந்து வீங்கிவிடும்.

டிக்கெட் எங்கேம்மா என்று கண்டக்டர் இரண்டாம் முறை கேட்டார்.


2020-ல் உலக சுகாதார நிறுவனம் நர்சுகளைப் பற்றி ஒரு அறிக்கை வெளியிட்டது. அதன்படி உலகத்தில் 59 லட்சம் நர்சுகள் குறைவாக இருந்தார்கள்.

இந்திய நர்சிங் கவுன்சில் கணக்கு: போதனா மருத்துவமனையில் 3 நோயாளிக்கு ஒரு நர்ஸ். பொது மருத்துவமனையில் 5 பேருக்கு ஒரு நர்ஸ்.

போஸ்டிங்கில் ஒரு நைட். ஆண்கள் மெடிக்கல் வார்டு. தரையில் பாய் போட்டுப் படுத்தவர்களையும் சேர்த்தால் 40-க்கு மேல். ஒரே ஒரு சிஸ்டர். காலையில் ஹேண்டோவர் எழுத உட்கார்ந்தவர் பேனாவைப் பிடித்தபடியே கண்ணை மூடினார். ஒரு நிமிஷம்கூட இருக்காது. திறந்து, விட்ட இடத்திலிருந்து எழுதினார்.


கூடப் படித்த பையன்கள் "பெண் செவிலியர்கள் தேவை" என்று பார்த்ததுமே பக்கத்தைத் திருப்பிவிடுகிறார்கள். அந்த ஆண்கள் வார்டில் கதீட்டர் போட அவர்களைத்தான் எல்லோரும் தேடுவோம்.

அவர்களில் ஒருவன் சென்னையில் மெடிக்கல் கோடிங்குக்குப் போய்விட்டான். நோய்க்குப் பதில் நோயின் எண். நல்ல சம்பளம் என்கிறான். குரல் ஒரு மாதிரி இருந்தது. நான் கேட்கவில்லை.


வளைகுடாவுக்குப் போகலாமே என்கிறார்கள். அங்கேயும் பெரும்பாலும் இரண்டு வருஷ அனுபவம் கேட்பார்கள். சென்னையில் அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் இருக்கிறது, 1978-லிருந்து. அவர்கள் விளம்பரத்தைத் தவறாமல் பார்க்கிறேன். முதல் வரி சம்பளம். இரண்டாவது வரி அனுபவம்.


ஒரு இடத்தில் எடுத்துக்கொள்கிறோம் என்றார்கள். மாசம் 9,000. ரெண்டு வருஷம் பாண்ட். ஒரிஜினல் சர்டிபிகேட் அதுவரைக்கும் அவர்களிடம் இருக்கும்.

அப்பாவும் வந்திருந்தார். ஃபைலை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்திருந்தார். "யோசிச்சுச் சொல்றோம் சார்."

வெளியே டீக்கடையில் பாதி டீ முடிந்ததும் சொன்னார். "ஒரிஜினலக் குடுக்காத தாயி."

உச்ச நீதிமன்றம் சொல்லி 2016-ல் மத்திய அரசு ஒரு குழு போட்டது. 50 படுக்கைக்குக் குறைவான தனியார் ஆஸ்பத்திரியில்கூட நர்சுக்கு மாசம் 20,000-க்குக் குறையக் கூடாது என்று அந்தக் குழு பரிந்துரைத்தது. நாங்கள் டீ குடித்துக்கொண்டிருந்த இடத்துக்கு எதிரே இருந்ததில் 50-க்கு மேலே படுக்கை இருக்கும்.

இது எந்தக் கணக்கில் சேரும், தெரியவில்லை. அவர்கள் மறுத்ததா, நாங்கள் மறுத்ததா?


மதினி கேட்டாள், "சும்மாதான இருக்க, நகமாவது வளக்கலாம்ல?" கல்யாணத்துக்கு மருதாணி வைத்தால் எடுப்பாக இருக்குமாம்.

ஞாயிற்றுக்கிழமை வெட்டிவிட்டேன். ஒட்ட வெட்டினால்தான் கிளவுஸ் கிழியாது.


மேரி சீகோல். 1805-ல் ஜமைக்காவின் கிங்ஸ்டனில் பிறந்தவர். பனாமாவில் காலரா பார்த்தவர். ஜமைக்காவில் மஞ்சள் காய்ச்சல் பார்த்தவர். 1854-ல் கிரிமியப் போருக்கு நர்சாகப் போக லண்டனில் கேட்டார். போர் அலுவலகத்தில் கேட்டார், நைட்டிங்கேலின் குழுவுக்கு ஆள் எடுத்தவர்களிடம் கேட்டார், நிவாரண நிதிக்காரர்களிடம் கேட்டார். யாரும் எடுக்கவில்லை. அனுபவம் இல்லை என்று அவரிடம் யாராலும் சொல்லியிருக்க முடியாது. தன் தோல் நிறம்தான் காரணமோ என்று பிறகு எழுதிய புத்தகத்தில் கேட்கிறார். இருட்டத் தொடங்கிய லண்டன் தெருவில் நின்று அழுததையும் எழுதியிருக்கிறார்.

சொந்தக் காசில் கப்பல் ஏறினார். பாலக்லாவா பக்கத்தில் ஒரு விடுதி கட்டி, சாப்பாடும் மருந்தும் கொடுத்தார்.

2016-ல் லண்டன் செயின்ட் தாமஸ் ஆஸ்பத்திரி வளாகத்தில் சிலை வைத்தார்கள். 1860-ல் நைட்டிங்கேல் தன் நர்சிங் பள்ளியைத் தொடங்கியதும் அதே ஆஸ்பத்திரியில்தான்.

நர்சிங் வரலாறு பாடத்தில் எனக்கு நைட்டிங்கேல் மட்டும்தான் வந்தார்.


நான் அழுதது பெரியார் பஸ் ஸ்டாண்டில். ஃபைலால் முகத்தை மறைத்துக்கொண்டேன். பூக்காரம்மா ஒன்றும் கேட்கவில்லை. உட்கார்ந்திருந்த ஸ்டூலிலிருந்து எழுந்து அதை என் பக்கம் தள்ளிவிட்டு, நின்றுகொண்டே கட்ட ஆரம்பித்தார்.


நைட்டிங்கேலின் 'நர்சிங் குறிப்புகள்', 1859. பயிற்சி பெற்ற நர்சுக்காக எழுதியதல்ல. வீட்டில் நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் பெண்களுக்காக எழுதியது. அதில் ஒரு அத்தியாயம் முழுக்க, படுக்கைப் பக்கத்தில் வந்து நின்று எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்லிவிட்டுப் போகிறவர்களைப் பற்றி. நிலைமை தெரியாமல் சொல்லும் நம்பிக்கை நோயாளியைக் களைப்பாக்குகிறது என்கிறார்.

நம் தெருவில் சொல்வது: எல்லாம் நல்லதுக்குத்தான். கவர்ன்மென்ட் வேலையே கெடைக்கும் பாரு. பக்கத்து ஊர் பிள்ளைக்கு உடனே கெடச்சிருச்சாமே?

அன்பாகத்தான் சொல்கிறார்கள். கேட்டு முடித்ததும் படுக்கணும் போலிருக்கிறது.

அப்பத்தா இதையெல்லாம் சொல்வதில்லை. ஒவ்வொரு தடவையும் ஒரே கேள்வி. "குடிக்கத் தண்ணி குடுத்தாங்களா?"

குடுக்கல அப்பத்தா.

"அப்ப அது ஆஸ்பத்திரியா?"


கவர்ன்மென்ட் வேலை. மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் எம்ஆர்பி பரீட்சை எழுதி 2015-ல் சேர்ந்த அக்காக்களுக்குத் தொகுப்பூதியம் 7,700. இரண்டு வருஷத்தில் நிரந்தரம் என்று சொல்லி எடுத்தது. நிரந்தரம் கேட்டு 2017 நவம்பரில் சென்னை டிஎம்எஸ் வளாகத்தில் வந்து உட்கார்ந்தார்கள். கைக்குழந்தையோடு வந்தவர்களும் இருந்தார்கள்.

கொரோனாவில் எடுத்தவர்கள் இரண்டாயிரம் பேருக்கு மேல். பிபிஇ போட்டுக்கொண்டு தண்ணீர் குடிக்காமல் வேலை பார்த்தவர்கள். 2022 டிசம்பர் 31-ஓடு வேலை போனது.

இருந்தாலும் எம்ஆர்பி அறிவிப்பு வந்தால் எழுதத்தான் போகிறேன். புத்தகம் மேஜையிலேயே இருக்கிறது.


எதிர்வீட்டுப் பெரியம்மாவுக்குச் சர்க்கரை இறங்கவே இல்லை. வெறும் வயிற்றில் 300-க்கு மேல். வாயைக் கட்டுவதில்லை என்று வீட்டில் எல்லோரும் திட்டிக்கொண்டிருந்தார்கள். காலையில் ஊசி போட்டுவிடுவது பேரன். 20 யூனிட், கோடு பார்த்துச் சரியாகத்தான் ஏற்றுகிறான்.

சிரிஞ்ச் மூடி ஆரஞ்சு.

பாட்டிலைத் திருப்பிப் பார்த்தேன். மில்லிக்கு 40 ஐயூ என்று போட்டிருக்கிறது. 40-க்குச் சிவப்பு மூடி. ஆரஞ்சு மூடி 100-க்கு. அதில் 20 கோடு என்றால் 0.2 மிலி. 40-ஆல் பெருக்கினால் 8.

20 யூனிட் என்று நினைத்து 8 யூனிட் போட்டுக்கொண்டிருந்திருக்கிறார்கள். மெடிக்கலில் இருந்ததை வாங்கி வந்திருக்கிறான் பையன். அவனைச் சொல்லி என்ன?

உடனே சிரிஞ்சை மாற்றச் சொல்லவில்லை. இறங்கவில்லை என்றுதான் டாக்டர் போன தடவை டோஸைக் கூட்டியிருக்கிறார். அதையே சரியான சிரிஞ்சில் போட்டால் தடாலென்று இறங்கிவிடலாம். பாட்டில், சிரிஞ்ச், சீட்டு மூன்றையும் எடுத்துக்கொண்டு பெரியம்மாவோடு நானும் போனேன்.

டாக்டர் மூடியைப் பார்த்தார். டோஸைக் குறைத்துப் புதிதாக எழுதினார். மயக்கம், வியர்வை வந்தால் உடனே சர்க்கரை கொடுக்கணும் என்று பேரனிடம் இரண்டு தடவை சொன்னார். பிறகு என்னிடம், "சிஸ்டர் எங்க ஒர்க் பண்றீங்க?"

பெரியம்மா முந்திக்கொண்டார். "நம்ம வீட்டுப் புள்ள சார். எதுத்த வீடுதான்."


இப்போது தெருவில் ஊசி போடும் எல்லா வீட்டிலும் மூடி நிறம் கேட்கிறேன். இதுவரை மற்றதெல்லாம் சிவப்பு.


படிப்புக் கடனுக்குப் படிப்பு முடிந்து ஒரு வருஷம்வரை தவணை இல்லை. வட்டி ஏறும். அப்பா காலண்டரில் அந்தத் தேதியைச் சுற்றவில்லை. எல்லோருக்கும் மனப்பாடம்.


தேனிப் பெண் மெசேஜ் அனுப்பியிருந்தாள். அவளையும் கூப்பிடவில்லை. திங்கட்கிழமை தல்லாகுளம் பக்கம் ஒரு வாக்-இன் இருக்கிறதாம், ஐசியூவுக்கு, ஃபிரஷரும் வரலாம் என்று போட்டிருக்கிறதாம். சேர்ந்தே போவோம் என்கிறாள்.

வென்டிலேட்டர் கேட்பார்கள். டைடல் வால்யூம் கிலோவுக்கு 6 முதல் 8 மிலி. தராசில் காட்டும் எடையை எடுக்கக் கூடாது, உயரத்தை வைத்துக் கணக்கிடும் எடை. ஆள் குண்டானால் நுரையீரல் பெரிதாவதில்லை.

பெண்ணுக்கு 45.5. அதோடு, உயரத்தில் 152.4 போக மீதி சென்டிமீட்டரை 0.91-ஆல் பெருக்கிக் கூட்டணும். ஆணுக்கு 50-லிருந்து ஆரம்பம்.

160 செமீ பெண் என்றால் 52.4 கிலோ. 6 மிலி வீதம் 314.

170 செமீ ஆண். அவளைப் போட்டுப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.