பந்தி

எங்கள் தேவாலயக் கூடத்தில் சனிக்கிழமை மதியம் பிள்ளைகளுக்குச் சமைக்கிறேன். ஏன் சனிக்கிழமை என்று கேட்பார்கள். பள்ளி நாளில் வசதியில்லாத பிள்ளைகளுக்கு ஆர்.எம்.டி. சாப்பாடு உண்டு, 1979இல் அரசாங்கம் தொடங்கியது. சனி, ஞாயிறும் பள்ளி விடுமுறையும் அதில் சேராது. அப்பா லோரியோடு வெளியூரில், அம்மா பெக்டரியில் ஷிப்ட். அந்த மாதிரி நாளில் மெகி மீயை வேகவைக்காமலே நொறுக்கித் தின்றுவிட்டு விளையாடப் போகும் பிள்ளைகள் எங்கள் சிம்பாங் ரெங்கத்தில் இன்றும் இருக்கிறார்கள்.

தொடக்கத்தில் தட்டோடு வரிசையில் நிற்க வைத்தோம். எட்டு வயதுப் பையன் ஒருவன் பாதிச் சோறு தின்றுவிட்டு, கோழித் துண்டை டிஷ்யூவில் சுற்றிக் கால்சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மறுபடி வந்து நின்றான். “இப்பத்தானே வாங்கின?” என்று எல்லோர் காதிலும் விழும்படி கேட்டது நான்தான். அடுத்த இரண்டு சனிக்கிழமை அவன் வரவில்லை. வீட்டில் தங்கச்சி இருந்தது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

அதோடு வரிசையை விட்டோம். பாய் விரித்து உட்காரவைத்துப் பரிமாறுகிறோம். பந்தி வைக்கும் கல்யாண வீட்டில் யாரும் தட்டைத் தூக்கிக்கொண்டு சட்டிக்கு முன்னால் நிற்பதில்லையே. என் பாட்டி தோட்டத்து ஆயாக் கொட்டகையில் வேலை பார்த்தவர். ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போகும் தாய்மார் விட்டுப்போகும் பிள்ளைகளை உட்காரவைத்த பிறகுதான் பாலை எடுப்பாராம். ஐந்து அப்பம் இரண்டு மீன் கதையிலும் கூட்டத்தைப் புல்லில் உட்காரச் சொல்வதுதான் முதல் வேலை. ஸ்தோத்திரம் சொன்னது இயேசு. கூட்டத்தைச் சொல்லச் சொன்னதாக எழுதவில்லை. சாப்பாட்டுக்கு முன்னால் பாட்டு வைக்கலாமா என்று சபையில் பேச்சு வந்தபோது இதைத்தான் சொன்னேன். வரும் பிள்ளைகளில் பாதிக்கு மேல் திருநீறு பூசிய நெற்றி. பாடினால்தான் சோறு என்று ஒரு பிள்ளைக்குத் தோன்றிவிட்டாலும் என் சமையல் வீண். மாட்டிறைச்சி எங்கள் அடுப்பில் ஏறாது. படம் கேட்கும் கொடையாளிகளுக்குச் சட்டியைத்தான் படம் எடுத்து அனுப்புவேன்.

பிள்ளைக்கு 100 கிராம் அரிசி என்பது கணக்கு. நான் 150 போடுவேன். காலையில் பசியாறாத வயிற்றில் எண்ணெய் மிதக்கும் கறியை முதலில் ஊற்றினால் வலிக்கும். பருப்பும் ரசமும் முதலில், கோழி பிறகு. இரண்டாம் முறை கேட்டுப் போடக்கூடாது, குனிந்து போட்டுக்கொண்டே போகவேண்டும். போதும் என்றால் பிள்ளை தட்டுக்குமேல் கையை விரிக்கும். புதிதாய் வந்த பிள்ளை கையை விரிக்காது. நாலைந்து வாரம் கழித்து, அடுத்த சனிக்கிழமையும் சோறு இருக்கும் என்று நம்பிக்கை வந்த பிறகுதான் அந்தக் கை வரும். நான் பார்த்துக்கொண்டிருப்பது அதைத்தான்.

2019இல் பெனூட் ஆற்றில் அம்மோனியா கலந்து குழாயில் தண்ணீர் நின்றபோது வாழையிலையில் போட்டுச் சமாளித்தோம். 2020ஐச் சமாளிக்க முடியவில்லை. மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாடு. 27ஆம் தேதி நாட்டிலேயே முதல் பி.கே.பி.டி., அதாவது இன்னும் கடுமையான கட்டுப்பாடு, எங்கள் ஊரில்தான், டத்தோ இப்ராஹிம் மஜிட் கம்போங்கையும் பக்கத்துத் தாமானையும் முள்கம்பி போட்டு அடைத்தார்கள். பள்ளி இல்லை, ஆர்.எம்.டி.யும் இல்லை, கூடத்துக்கும் பூட்டு. பிறகு அனுமதி கிடைத்துப் பொட்டலம் கட்டினோம். கேட்டில் மாட்டிவிட்டுத் திரும்பவேண்டும். யார் தின்றது, எவ்வளவு தின்றது, ஒன்றும் தெரியாது. ஆனால் ஒரு பொட்டலமும் திரும்பி வரவில்லை. கணக்குச் சரி என்றே நினைத்துக்கொண்டேன்.

கூடம் திறந்த முதல் சனிக்கிழமை அதே கணக்கில் உலை வைத்தேன். முதல் சுற்று முடிந்தது. ஒரு கையும் விரியவில்லை. இரண்டாம் சுற்று பாதிப் பந்தியைக்கூடத் தாண்டவில்லை, கரண்டி சட்டியின் அடியைத் தட்டியது. மறுபடி அரிசி களைந்தேன். சோறு வெந்து வரும்வரை பிள்ளைகள் ரசத்தைக் கிளாசில் வாங்கி ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தார்கள்.