டயர் வாங்கும் முன் சடக்கைப் பாருங்கள்

“வாத்தியாருக்கும் டயருக்கும் என்ன சம்பந்தம்?” என்று நீங்கள் கேட்கலாம். தோட்டத்தில் ஒரு கடிதம் வந்தாலும், ஒரு பாரத்தைப் பூர்த்தி செய்ய வேண்டுமென்றாலும் வாத்தியாரைத்தான் தேடி வருவார்கள். அப்படித்தான் என் தங்கையின் கணவரும் டயர் விஷயமாக என்னிடம் வந்தார்.

அவர் செம்பனைக் குலை வெட்டும் குத்தகைக்காரர். பழைய ஃபார்ச்சூனர் ஒன்று வைத்திருக்கிறார். அவருடைய தாயாருக்குச் சிறுநீரகம் பழுதாகி, வாரத்தில் மூன்று நாள் பட்டணத்தில் இரத்தச் சுத்திகரிப்பு நடக்கிறது. லயத்திலிருந்து பெரிய சடக்குவரை ஏழு கிலோமீட்டர் செம்மண்; அதற்கு அப்பால் முப்பது கிலோமீட்டர் தார். பழைய டயர் தேய்ந்து போனதால், மழை பெய்தால் செம்மண் மேட்டில் வண்டி ஏற மறுத்தது. சுத்திகரிப்பு ஒரு நாள் தவறினாலும் அந்த அம்மாவுக்கு உடம்பில் நீர் கோத்து மூச்சு வாங்கும். ஆகவே, டயர் என்பது அந்த வீட்டில் ஆடம்பரப் பேச்சு அல்ல.

“மச்சான், கடைக்காரர் பெரிய பல்லு வெச்ச டயரைப் போடச் சொல்றாரு. எந்தச் சேத்துலயும் போகுமாம்” என்றார்.

“மாப்பிள்ளை, வண்டி சேத்துல எவ்வளவு தூரம் ஓடுது, தாருல எவ்வளவு தூரம் ஓடுது? முதல்ல அதைச் சொல்லுங்க” என்றேன்.

போக வர 74 கிலோமீட்டர். அதில் மண் சடக்கு 14 கிலோமீட்டர்தான். ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. இந்தக் கணக்கைப் போட்ட பிறகே டயரைப் பற்றிப் பேச வேண்டும்.

இத்தகைய வண்டிகளுக்கு மூன்று வகை டயர்கள் உண்டு. எச்.டி. என்பது தார் சடக்குக்கானது. சத்தமில்லாமல் ஓடும், ஆனால் அதன் குறுகிய பள்ளங்களில் செம்மண் அப்பிக்கொண்டால் டயர் மொழுமொழுவென்று ஆகிப் பிடிப்பை இழந்துவிடும். எம்.டி. என்பது சேற்றுக்கானது. அகன்ற பள்ளங்களில் புகுந்த மண், சக்கரம் சுழலும்போது தெறித்து வெளியேறும். ஆனால் பற்களுக்கிடையே இடைவெளி அதிகமானதால் தார் மேல் படியும் ரப்பர் குறைவு. மழை ஈரத்தில் பிரேக் பிடித்தால் வண்டி நிற்கக் கூடுதல் தூரம் வேண்டும். இரைச்சலும் அதிகம், எண்ணெய்ச் செலவும் அதிகம். இரண்டுக்கும் நடுவே நிற்பது ஏ.டி.; எல்லாச் சடக்குக்கும் பொதுவானது.

அந்த ஏழு கிலோமீட்டரை வெல்வதற்காக, நோயாளியை ஏற்றிக்கொண்டு லாரிகளுக்கு நடுவே முப்பது கிலோமீட்டர் ஈரத் தாரில் வழுக்கிப் போவது, கண்ணை விற்றுச் சித்திரம் வாங்கிய கதைதான். ஏ.டி. போதும் என்று முடிவு செய்தோம்.

அடுத்து, டயரின் பக்கச் சுவரில் உள்ள எண்களைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். அந்த வண்டிக்கு 265/65 ஆர் 17 என்று இருந்தது. அகலம் 265 மில்லிமீட்டர். பக்கச் சுவரின் உயரம் அதில் 65 விழுக்காடு, அதாவது 172.25 மில்லிமீட்டர், ரிம் 17 அங்குலம். ஆறாம் ஆண்டு மாணவன் போடக்கூடிய கணக்குதான் இது. கம்பீரமாக இருக்குமென்று 265/70 போட்டால் டயரின் விட்டம் 26.5 மில்லிமீட்டர் கூடும். மீட்டர் 100 என்று காட்டும்போது வண்டி ஏறக்குறைய 103-இல் ஓடும்.

அளவுக்குப் பிறகு வரும் 112 என்ற எண், ஒரு டயர் 1,120 கிலோ தாங்கும் என்பதைக் குறிக்கும். பழைய டயரில் இருந்த எண்ணுக்குக் குறைவானதை வாங்காதீர்கள். டி.ஓ.டி. என்ற எழுத்துகளுடன் தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு எண்கள் டயரின் பிறந்த நாள். 1225 என்றால் 2025-ஆம் ஆண்டின் 12-ஆம் வாரம். ஓடாமல் கடையில் கிடந்தாலும் ரப்பருக்கு வயதாகும். எம் பிளஸ் எஸ் என்ற எழுத்தைக் காட்டி, “சேற்றுக்கு ஏற்றது” என்பார்கள். சாதாரண டயர்கள் பலவற்றிலும் அந்த எழுத்து உண்டு. அதை நம்பாமல் பள்ளங்களைக் கண்ணால் பாருங்கள்.

நான்கு டயர் ஏறக்குறைய இரண்டாயிரம் வெள்ளி. 2025-ஆம் ஆண்டு பிப்ரவரியில் 1,700 வெள்ளியாக உயர்ந்த குறைந்தபட்ச மாதச் சம்பளத்தையே அது விழுங்கிவிடும். அதனால் இரண்டை மட்டும் மாற்றலாமா என்று மாப்பிள்ளை தயங்கினார். முன்னுக்கும் பின்னுக்கும் டயரின் சுற்றளவு வேறுபட்டால், நான்கு சக்கரமும் இழுக்கும்போது கியர்ப் பெட்டி திணறும். அதைப் பழுதுபார்க்கும் செலவு டயர் விலையைத் தாண்டிவிடும். இரண்டு மாதம் பொறுத்து, நான்கையும் ஒன்றாகவே மாற்றினார்.

வாங்கிய பின் பராமரிப்பு முக்கியம். வண்டி ஓடுமுன், டயர் குளிர்ந்திருக்கும்போது காற்றை அளக்க வேண்டும். கதவோரத்தில் ஒட்டியிருக்கும் அளவே சரியான அளவு. சேற்றில் கொஞ்சம் காற்றைக் குறைத்தால் பிடிப்புக் கூடும்; ஆனால் தாரில் வேகமாக ஓடுவதற்குள் நிரப்பிவிட வேண்டும். செம்பனை மட்டையின் முள் பக்கச் சுவரில் ஆழமாகக் குத்திவிட்டால் ஒட்டுப்போட்டு ஓட்டாதீர்கள். பள்ளம் 1.6 மில்லிமீட்டருக்குத் தேய்ந்தால் டயரின் ஆயுள் முடிந்தது. மழைக்கால மண் சடக்குக்கு அதற்கு முன்பே மாற்றுவது நல்லது.

ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். நம்மவர்கள் பலர் கடைக்குள் நுழைந்ததும் கூச்சப்பட்டு, தவுக்கே காட்டியதை வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். ரப்பர் நாற்றுகள் சிங்கப்பூருக்கு வந்தது 1877-இல். அவற்றில் சில நம் கோலகங்சாரில் நடப்பட்டன. பிறகு தோட்டங்கள் பெருகின. விடியுமுன் எழுந்து, உளியும் வாளியுமாக நிரை நிரையாக நடந்து பால் வெட்டியவர்கள் நம் பாட்டனும் பாட்டியும். செயற்கை ரப்பர் வந்துவிட்ட இக்காலத்திலும், சூட்டையும் கிழிசலையும் தாங்க வேண்டிய கனரக டயர்களுக்கு மரத்துப் பால் தேவைப்படுகிறது. அந்தப் பாலை உலகுக்குக் கொடுத்தவர்களின் பிள்ளைகள் நாம். டயர் கடையில் நின்று, “இது எந்த வருடத்து டயர்? எத்தனை கிலோ தாங்கும்?” என்று கேட்க நாம் ஏன் தயங்க வேண்டும்? கேளுங்கள். பதில் திருப்தியாக இல்லையென்றால் அடுத்த கடைக்குப் போங்கள்.