கும்பகோணத்துப் பாத்திரக் கடைகளிலே

கும்பகோணம் என்றதும் கொழுந்து வெற்றிலையும் டிகிரி காபியும் பலருக்கு நினைவுக்கு வரும். காவிரிக்கரையிலுள்ள நம் பெண்மணிகளுக்கோ அது பாத்திரங்களின் ஊர். ராஜகிரி, பண்டாரவாடை, சக்கராப்பள்ளி போன்ற ஊர்களிலிருந்து சீர்ப் பாத்திரம் வாங்குவதற்கு இது எட்டும் தொலைவுதான்.

கடைக்குள் நுழைந்தால் கண் கூசும். பித்தளை அண்டா, செம்புத் தேக்சா, வெண்கலப் பானை என அடுக்கடுக்காய் மின்னும். மின்னுவதைப் பார்த்து விலை பேசிவிடாதீர்கள். முதலில் பாத்திரத்தின் உட்புறத்தைப் பாருங்கள். செம்பிலும் பித்தளையிலும் புளி, தயிர், தக்காளி சேர்ந்த உணவைச் சமைத்தால் உலோகம் கரைந்து உணவில் இறங்கும். குமட்டலும் வாந்தியும் வரும். தயிர் சேரும் பிரியாணிக்கு ஈயம் பூசாத தேக்சா ஆகவே ஆகாது.

இங்கேதான் நம் மொழி நம்மைச் சற்று ஏமாற்றுகிறது. ஈயம் என்ற ஒரே சொல்லால் இரண்டு உலோகங்களைக் குறிக்கிறோம். பாத்திரத்துக்குப் பூச வேண்டியது வெள்ளீயம். காரீயமோ நஞ்சு. குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். கருவிலுள்ள சிசுவையும் விடாது. இந்த அளவு வரை தீங்கில்லை என்று சொல்லக்கூடிய அளவே காரீயத்துக்கு இல்லையென்று உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. வெள்ளீயத்தின் விலை அதிகம், காரீயம் மலிவு. கலப்படம் ஏன் நடக்கிறது என்பதற்கு வேறு விளக்கம் வேண்டுமா?

ரசம் வைக்கும் ஈயச் சொம்பு இவ்வட்டாரத்தில் பெயர் பெற்றது. அதை வாங்கும்போது வெள்ளைத் தாளில் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். கருஞ்சாம்பல் கோடு விழுந்தால் காரீயம் கலந்திருக்கலாம், வாங்காதீர்கள். கோடு விழவில்லை என்பதனாலேயே தூய்மை உறுதியாகிவிடாது. குறைந்த அளவு கலப்பு ஆய்வுக்கூடச் சோதனையில்தான் தெரியும். ஆகவே ரசீதில் 'சுத்த வெள்ளீயம்' என்று எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதத் தயங்கும் கடையில் நமக்கென்ன வேலை? இன்னொன்று: வெள்ளீயம் 232 பாகை செல்சியஸிலேயே உருகிவிடும். வெறும் சொம்பை அடுப்பில் வைத்தால் சொம்பே ஒழுகிப்போகும். ரசத்தை ஊற்றிய பிறகே ஏற்றுங்கள்.

கலாய் பூசுவது பார்க்க வேண்டிய காட்சி. கரி அடுப்பில் பாத்திரத்தைக் காய்ச்சி, நவச்சாரப் பொடியைத் தூவுவார்கள், வெண்புகை எழும். ஈயக் கட்டியைச் சூட்டில் தொட்டு, பஞ்சால் ஒரே வீச்சில் துடைத்தால் செந்நிறம் மறைந்து வெள்ளி போல் பளபளக்கும். பிள்ளைகளை அந்தப் புகையருகே நிற்க விடாதீர்கள். ரேடியோ, தொலைக்காட்சி பழுது பார்க்கும் பற்றாசுக் கம்பியில் பெரும்பாலும் காரீயம் உண்டு. அதைக் கொண்டு பூசுகிறாரா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பூச்சு தேய்ந்து செம்பு தெரியத் தொடங்கினால் மீண்டும் பூச வேண்டும். கம்பி நாரால் தேய்க்காமல், மர அகப்பையால் கிளறினால் பூச்சு நெடுநாள் நிற்கும்.

"பித்தளையே வேண்டாம், இண்டாலியம் போதும்" என்பாருக்கு ஒரு செய்தி. 2025 ஆகஸ்டில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம், இறக்குமதியான சில அலுமினிய, பித்தளை, இண்டாலியப் பாத்திரங்களிலிருந்து காரீயம் உணவில் இறங்கக்கூடும் என எச்சரித்தது. பழைய உலோகக் கழிவை உருக்கி வார்க்கும்போது இத்தகைய நஞ்சு புகுந்துவிட வழியுண்டு. பெயரும் முத்திரையும் இல்லாத மலிவு வார்ப்புகளை என் வீட்டில் நான் அனுமதிப்பதில்லை.

அன்றாடச் சமையலுக்கு என்ன வாங்கலாம் என்று கேட்பீர்கள். அடி கனத்த எவர்சில்வர் சட்டி, தோசைக்கு இரும்புக் கல், இவை போதும். ஒட்டாத பூச்சுத் தவாவை வெறுமனே காயவிடாதீர்கள். 260 பாகையைத் தாண்டினால் பூச்சு சிதைந்து புகையும். மண்சட்டி வாங்கினால் பளபளப்புப் பூச்சில்லாததாகப் பாருங்கள். சில பூச்சுகளில் காரீயம் சேர்வதுண்டு. தேக்சாவைப் பெருநாளுக்கும் விருந்துக்கும் வைத்துக்கொள்ளுங்கள். பெருநாளுக்கு இரண்டு வாரம் முன்னதாகவே கலாய்க்காரரிடம் கொடுத்துவிடுங்கள். கடைசி நாளில் அவர் முன்னே தேக்சாக்கள் மலைபோல் குவிந்திருக்கும்.