வீட்டிலேயே இருக்கலாம், சம்பாதிக்கலாம்

தட்டச்சில் லோயர், ஹையர் இரண்டும் முடித்தவள் நான். தமிழிலும் ஆங்கிலத்திலும். எங்கள் பாகூர் கொம்யூன் கிராமங்களில் பன்னிரண்டாவது முடித்த பெண்ணின் கல்யாணத்தை ஓரிரு வருஷம் தள்ளிப்போட, ஊரில் சொல்லக்கூடிய மரியாதையான காரணம் அது: "பொண்ணு டைப்பிங் போவுது." அரசு வேலைக்கு உதவும் என்பார்கள். எனக்கு வந்தது கல்யாணம். சான்றிதழ்கள் பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் போயின.

பிள்ளை பள்ளிக்கூடம் போக ஆரம்பித்ததும் வேலைக்குப் போகிறேன் என்றேன். யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. "போம்மா, ஆனா நாலு மணிக்குப் புள்ள வந்துடுமே" என்றார் மாமியார். கணவர் வழி சொன்னார்: "உனக்குத்தான் டைப்பிங் தெரியுமே, வீட்லேர்ந்தே எதனா பண்ணேன்." வீட்டிலிருந்தே என்ற சொல்லைக் கேட்டதும் எல்லோர் முகத்திலும் ஒரு நிம்மதி. சோறு நேரத்துக்கு வெந்துவிடும், பணமும் வரும்.

இந்த நிம்மதியைக் குறிவைத்துத்தான் அந்த விளம்பரங்கள் வருகின்றன. முன்பு மின்கம்பத்தில், பஸ் சீட்டின் பின்னால், இப்போது வாட்ஸ்அப்பில். மாதம் இவ்வளவு ஆயிரம் என்பதைவிடப் பெரிய வாக்குறுதி ஒன்று அவற்றில் உண்டு: நீ வேலை பார்ப்பது வீட்டில் யாருக்கும் தெரியக்கூடத் தெரியாது. நானும் ஒரு எண்ணுக்குப் பேசினேன். பதிவுக் கட்டணம் 2,500 ரூபாய் என்றார்கள். கட்ட என்னிடம் பணம் இல்லை, கேட்டு வாங்கிக் கட்டும் அளவுக்கு நம்பிக்கையும் வரவில்லை. நாற்று நட வருகிறவளிடம் எந்த நிலக்காரராவது முன்பணம் கேட்டிருக்கிறாரா?

வில்லியனூரில் இருக்கும் என் நாத்தனார் வேறொரு இடத்தில் கட்டினாள். (இதை எழுதலாமா என்று அவளிடம் கேட்டேன். "பேரு மட்டும் போடாதீங்க அண்ணி" என்றாள்.) மங்கலான படங்களாக நூற்றுக்கணக்கான பக்கங்கள் வந்தன. ஐந்து நாளில் அடிக்க வேண்டும், நூற்றுக்கு 98 சரியாக இருக்க வேண்டும். ஆதார் நகல் வாங்கி, முத்திரைத்தாள் போலத் தெரிந்த ஒன்றில் கையெழுத்தும் வாங்கிக்கொண்டார்கள். பகலில் அடிக்க முடியாததால் ராத்திரி எல்லோரும் தூங்கிய பிறகு அடித்தாள். ஆறாம் நாள் 'தரம் போதவில்லை' என்று செய்தி. ஏழாம் நாள் வக்கீல் என்று ஒருவன் பேசினான். ஒப்பந்தத்தை மீறிவிட்டீர்கள், நிறுவனத்துக்கு நஷ்டம், 6,800 கட்டாவிட்டால் போலீஸ் வரும்.

அன்று ராத்திரி எனக்குப் போன் செய்தாள். அழுகை சத்தம் வெளியே கேட்காமலிருக்கத் தோட்டப்பக்கம் நின்று பேசினாள் என்று பின்னால் சொன்னாள். "அவருக்குத் தெரிஞ்சா என்ன ஆவும் அண்ணி?" போலீஸைப் பற்றி அவள் கேட்டது அதற்குப் பிறகுதான்.

இதை நான் பலமுறை யோசித்திருக்கிறேன். அந்த மோசடிக்காரனின் மூலதனம் மங்கலான படங்களும் போலி நோட்டீஸும் மட்டும் இல்லை. அவள் வீட்டில் வாயைத் திறக்க மாட்டாள் என்பதும் அவனுடைய கணக்கில் உண்டு. சட்டப்படி அவன் பேச்சில் ஒன்றும் இல்லை. ஏமாற்றி வாங்கிய ஒப்பந்தத்தை ஏமாற்றப்பட்டவர் ரத்து செய்யலாம் என்று 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டமே சொல்கிறது. ஒப்பந்தப்படி பணம் வரவேண்டும் என்பது சிவில் வழக்கு. அதற்குப் போலீஸ் வந்து கைது செய்யாது. இணைய மோசடிக்கு 1930 என்ற எண்ணில் புகார் சொல்லலாம். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தை முடக்க வாய்ப்பு. நாங்கள் சொன்னோம். மிரட்டல் நின்றது. 2,500 திரும்பவில்லை. புகார் கொடுத்ததால் அவள் கணவருக்கும் விஷயம் தெரிந்தது. அதன்பிறகு ஒரு மாதம் அவளுடைய போன் அவர் சட்டைப்பையில் இருந்தது.

எனக்கு வேலை கிடைத்த கதைக்கு வருகிறேன். அது விளம்பரத்தில் கிடைக்கவில்லை, நடந்து போய்க் கேட்டதில் கிடைத்தது. பாகூரில் ஜெராக்ஸ் கடைகள், பத்திரம் எழுதுகிறவர்கள், கல்லூரியில் ஆய்வு செய்யும் பிள்ளைகள். வீட்டிலிருந்து செய்யும் வேலைக்காக நான் முதல் மாதம் வெளியில் சுற்றிய சுற்றை அதற்கு முன்பு சுற்றியதே இல்லை. "எங்க போயிட்டு வர்ற?" என்ற கேள்விக்கு "வீட்லயே இருக்கறதுக்கு வேலை தேடிட்டு" என்று சொன்னால் எனக்கே சிரிப்பு வரும்.

முதலில் வந்தது ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் கையால் எழுதிய ஊர் வரலாறு, 140 பக்கம். 1978இல் தமிழ்நாட்டில் எழுத்துச் சீர்திருத்தம் வருவதற்கு முன்பே எழுதப் பழகியவர். அவருடைய 'லை'க்கு யானைத் தும்பிக்கை உண்டு. அச்சகத்துக்குப் பழைய எழுத்துருவில் வேண்டும், அவருடைய பேரனுக்கு அனுப்ப யுனிகோடில் வேண்டும். என் விரல்களுக்குப் பழைய தட்டச்சுப் பலகைதான் தெரியும். என்ஹெச்எம் ரைட்டர் என்ற இலவச மென்பொருளில் அந்தப் பலகையும் இருக்கிறது, தமிழ்99உம் இருக்கிறது. பக்கத்துக்கு 20 ரூபாய் பேசினேன். வேலை தந்தவர் நேரில் காத்திருந்தார், மூன்று நாளுக்கு ஒருமுறை சைக்கிளில் வந்து எட்டிப் பார்த்தார். போலி வேலைக்கு அப்படிக் காத்திருக்க ஆள் கிடையாது.

இப்போது சில வழக்கங்கள் வைத்திருக்கிறேன். பாதிப் பணம் முன்னால். அட்டவணைக்குத் தனி விலை. ஒருமுறை திருத்தம் இலவசம், இரண்டாவதிலிருந்து காசு. எல்லாம் ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்து. "என்னம்மா, இதுக்குப் போய் பாண்டு பத்திரமா?" என்று சிரித்தவர்கள் உண்டு, போட்டார்கள்.

நேரம்தான் இன்னும் என் கையில் இல்லை. காலை ஐந்திலிருந்து ஆறரை, பிறகு ராத்திரி பத்துக்கு மேல். இடையில் சமையல், துணி, மாமியாரின் மாத்திரை. புதுச்சேரியில் 1936 ஜூலை 30 அன்று போராடிய பஞ்சாலைத் தொழிலாளர்கள் மீது பிரெஞ்சுப் படை சுட்டதில் 12 பேர் செத்தார்கள். எட்டு மணி நேர வேலை இந்த மண்ணுக்கு அப்படி வந்தது. என் வீட்டு வாசற்படியை அது தாண்டவில்லை. பீடி சுற்றும் பெண்களுக்காவது, வீட்டில் சுற்றினாலும் தொழிலாளிதான் என்று 1966இல் ஒரு சட்டம் வந்தது. வீட்டிலிருந்து கூலிக்கு உழைப்பவருக்கும் மற்றத் தொழிலாளருக்குச் சமமான உரிமை வேண்டும் என்று 1996இல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 177ஆம் உடன்படிக்கையைக் கொண்டுவந்தது. அதற்குப் பாடுபட்டவர்களில் அகமதாபாத்தின் சேவா பெண்களும் உண்டு. அவர்களுடைய நாடான இந்தியா அதை இன்னும் ஏற்று உறுதி செய்யவில்லை.

இப்போது படத்தைக் கொடுத்தால் கணினியே எழுத்தாக மாற்றித் தந்துவிடுகிறது. பேசினால் அடிக்கிறது. வேலை போய்விடும் என்று பயந்தேன், போகவில்லை, உருமாறியது. அச்சுப் பக்கங்களில் அது 'ர'வையும் துணைக்காலையும் குழப்பும். கையெழுத்தென்றால் கேட்கவே வேண்டாம். ஆகவே வருவதெல்லாம் பிழை திருத்தம். "மிஷினே அடிச்சிடுச்சு, சும்மா ஒரு பார்வை பாருங்க" என்று விலையைக் குறைக்கிறார்கள். அந்தச் சும்மா ஒரு பார்வை சில நாள் புதிதாக அடிப்பதைவிட நேரம் எடுக்கும்.

அடித்தவர் பெயர் பெரும்பாலும் எங்கும் வராது. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் பழந்தமிழ் நூல்களை இலவச மின்னூல்களாக்கியபோது, ஒவ்வொரு கோப்பின் தலையிலும் தட்டச்சு செய்தவர், மெய்ப்புப் பார்த்தவர் பெயர்களைப் போட்டது. முதன்முதலில் பார்த்தபோது நூலை விட்டுவிட்டு அந்தப் பெயர்களையே படித்துக்கொண்டிருந்தேன். பெண் பெயர்களும் இருந்தன.

நாத்தனார் இப்போது சனிக்கிழமைகளில் இரண்டு பஸ் மாறி வருகிறாள். அவள் மூலத்தை வாசிப்பாள், நான் திரையில் திருத்துவேன். கூலி பாதிப்பாதி. போன மாதம் ஒரு ஆய்வேடு வந்தது, 210 பக்கம். நான் விலை சொல்ல வாயெடுப்பதற்குள் அவள் முந்திக்கொண்டாள்: "அடிக்குறிப்புக்குத் தனி ரேட்டுங்க."