இரண்டு படகுகளும் ஓர் இலவம்பஞ்சுத் தலையணையும்

மயிலாடும்பாறைக்காரர்கள் படகைப் பற்றி எழுதப் புகுந்தால் கேட்பவர்களுக்குச் சிரிப்பு வரத்தான் செய்யும். எங்கள் ஊரோரமாகப் போகிற மூல வைகையில் ஆண்டின் பெரும்பகுதி மணல்தான் கிடக்கும். வருசநாட்டு மலையில் ஐப்பசி, கார்த்திகை மழை பிடித்தால் செந்நீர் நுரைத்துக்கொண்டு வரும். நாலு நாள் கரையில் நின்று வேடிக்கை பார்ப்போம். பிறகு மறுபடியும் மணல். மிதக்கிற பொருள் என்று நாங்கள் பிறந்ததிலிருந்து அறிந்தவை வைகை அணையில் மீன் பிடிப்பவர்களின் பரிசல்களும், கிணற்றில் நீச்சல் பழகுகையில் முதுகில் கட்டிக்கொண்ட சுரைக்குடுவையும்தான்.

இப்படிப்பட்ட எங்களிடம்தான், சென்ற மாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமைக் காலையில், கனடாவில் இருக்கும் மகன் படகு வாங்க யோசனை கேட்டான். அவனுக்கு அப்போது சனிக்கிழமை இரவு. ஒண்டாரியோ மாநிலத்தில் பேரி என்னும் ஊரில், சிம்கோ ஏரியை ஒட்டிக் குடியிருக்கிறான். ஏரி உறைந்து கிடக்கிறது, அதன்மேல் துளையிட்டு ஜனங்கள் மீன் பிடிக்கிறார்கள் என்று கைப்பேசியில் காட்டினான். பனி உருகியதும் தண்ணீரில் இறக்கப் படகு வேண்டுமாம். பழைய படகுகள் இரண்டைப் பார்த்து வைத்திருந்தான்.

ஒன்று 19 அடி நீளமுள்ள ‘பௌரைடர்’. படகின் முன்பகுதியை நம் கடற்கரை மீனவர்கள் அணியம் என்பார்கள். இந்தப் படகில் அந்த அணியம் திறந்தே இருக்கும். ஓட்டுநரின் கண்ணாடித் தடுப்புக்கு முன்னால், காற்று முகத்தில் அடிக்க உட்கார்ந்து போக அங்கே இருக்கைகள் உண்டு. மற்றது 24 அடி. அதில் அணியத்தை மூடி, உள்ளே இரண்டு பேர் படுக்கும்படி சிறு அறை ஒன்று கட்டியிருக்கிறார்கள். அதற்குக் ‘கடி கேபின்’ என்று பெயராம். கடி என்றால் எங்கள் ஊரில் வேறு அர்த்தம் என்று சொன்னோம். அவன் சிரிக்கவில்லை. பெரியதை வாங்க மனத்திற்குள் முடிவு செய்துவிட்டு, எங்கள் வாயால் ஆமாம் வரக் காத்திருப்பவனின் முகம் அது.

“பெருசுல கழிப்பறை வசதி இருக்கும்மா. வெயில் ஏறுனா நீங்க ரெண்டு பேரும் உள்ள போயிப் படுத்துக்கிறலாம். போன தடவ கொண்டாந்து வச்சிட்டுப் போனீகளே, அந்த இலவம்பஞ்சுத் தலகாணி, அதையே அங்கன போட்ருவேன்.”

யோசித்துச் சொல்கிறோம் என்று பேச்சை முடித்துக்கொண்டோம். அன்று முழுவதும் எங்களுக்குள் பேசிக்கொண்டது படகைப் பற்றி அல்ல, தேக்கடியைப் பற்றி.

கம்பம், கூடலூர், லோயர் கேம்ப் தாண்டி மலையேறினால் குமுளி. அதை ஒட்டித் தேக்கடி. பென்னிகுவிக் 1895இல் கட்டி முடித்த அணையால் தேங்கிய நீர் அது. சுரங்கம் வழியாக எங்கள் பள்ளத்தாக்கில் இறங்கி நெல்லாக விளைவதும் அந்த நீர்தான். மகன் பள்ளியில் படிக்கையில் ஒரு கோடை விடுமுறையில் அவனை அங்கே கூட்டிப் போனோம். சிறிய படகும் இருந்தது, மேல்தளம் வைத்த பெரிய படகும் இருந்தது. உயரத்திலிருந்து பார்த்தால்தான் மிருகங்கள் தெரியும் என்று பெரியதில் ஏறி, மேலேயே இடம் பிடித்தோம். பட்டுப்போன மரங்கள் நீருக்குள்ளிருந்து விரல்களைப் போல நீட்டிக்கொண்டிருந்தன. ஒரு திருப்பத்தில் யானைகள் நீர் குடிக்க இறங்கி வந்தன. யாரோ கத்தினார்கள். மேல்தளத்தில் இருந்த அத்தனை பேரும் அந்தப் பக்கக் கம்பியை நோக்கி ஓடினோம். மகனைத் தோளில் தூக்கிக் காட்டினோம். படகு லேசாகச் சாய்ந்தது, நிமிர்ந்தது. நாங்கள் அதைப் பொருட்படுத்தவே இல்லை. ஊர் திரும்பி எல்லாரிடமும் யானைக் கதை சொன்னோம்.

2009 செப்டம்பர் 30ஆம் தேதி மாலை, அதே ஏரியில் ‘ஜலகன்யகா’ என்ற இரண்டு தளப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்துபோனார்கள். அந்த ஆண்டுதான் ஓட்டத்திற்கு வந்த கண்ணாடியிழைப் படகு அது. கரையில் தெரிந்த மிருகங்களைப் பார்க்கப் பயணிகள் ஒரு பக்கமாகத் திரண்டபோது சாய்ந்தது என்று தப்பியவர்கள் சொன்னதைச் செய்தித்தாளில் படித்தோம். படித்துவிட்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. அவர்கள் செய்த குற்றம்தான் என்ன? நாங்கள் செய்ததைத்தான் அவர்களும் செய்திருந்தார்கள். அன்றிலிருந்து எங்களில் ஒருவர் எந்தப் படகிலும் கால் வைத்ததில்லை. யார் என்பதை இங்கே எழுத வேண்டாம் என்று அவருடைய உத்தரவு.

ஆகவே, பெரியது என்றால் பத்திரம் என்ற எண்ணம் எங்களுக்கு எளிதில் வருவதில்லை. பரிசலில் ஏறியவர்களுக்குத் தெரியும். அதில் நிற்க விடமாட்டார்கள், தரையோடு தரையாகக் குந்த வைப்பார்கள். பாரம் கீழே இருந்தால் கலம் நிற்கும், மேலே ஏறினால் சாயும். எத்தனை அடி நீளம் என்பதைவிட, எத்தனை பேர், எங்கே உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதே பெரிய கேள்வி.

மறுவாரம் மகன் அழைத்தபோது இதையெல்லாம் சொன்னோம். அவன் பொறுமையாகக் கேட்டுவிட்டுத் தன் பக்கத்து நியாயத்தைச் சொன்னான். இவை இரண்டுமே மேல்தளம் இல்லாதவை. சிம்கோவில் காற்று எழும்பினால் அலை சட்டென்று உயரும். திறந்த அணியத்தில் ஆட்களை உட்கார வைத்துக்கொண்டு அலைக்குள் மூக்கை விட்டால் தண்ணீர் நேரே உள்ளே கொட்டும். மூடிய அணியத்தில் அது வழிந்து போய்விடும். அது மெய்தான் என்று ஒப்புக்கொண்டோம். ஆனால் மூடிய அறைக்கும் அதற்கே உரிய ஆபத்து உண்டு என்பதையும் அவனே சொல்லிவிட்டான்: பெட்ரோல் எஞ்சினின் கார்பன் மோனாக்சைடு வாடை இல்லாமல் உள்ளே தங்கித் தூங்குகிறவரைக் கொன்றுவிடக் கூடும். ஆக, சிறியதை வாங்கினால் வானம் பார்த்துக் கிளம்ப வேண்டும். பெரியதை வாங்கினால் காற்றோட்டம் பார்த்துப் படுக்க வேண்டும். இரண்டிலும் கண் விழித்திருப்பவன்தான் கரை சேருவான்.

அதற்குப் பிறகுதான் கணக்குக் கேட்டோம். சிறியதைத் தன்னிடமுள்ள வண்டியிலேயே கட்டி இழுத்துப் போகலாம். பெரியதற்கு வண்டியையும் மாற்ற வேண்டும், அல்லது படகுத்துறையில் வாடகைக்கு இடம் பிடிக்க வேண்டும். எண்ணெய்ச் செலவு கூடுதல். ஏரி உறைகிற நாடு ஆகையால் ஆண்டுக்கு ஐந்தாறு மாதம்தான் படகு ஓடும். மிச்ச மாதங்களில் எஞ்சினிலுள்ள நீரை வடித்து, மூடிக் கட்டி வைக்க வேண்டும். “பிள்ளைகளுக்கு எது பிடிச்சிருக்கு?” என்று கேட்டோம். சற்று நேரம் பேச்சில்லை. “சின்னதுதான். முன்னாடி ஒக்காந்துக்கிட்டு எறங்கவே மாட்டேங்குதுக” என்றான்.

அப்போது எங்களுக்கு விளங்கிவிட்டது. அந்தக் கேபின் அவனுக்காகவும் அல்ல, மனைவி மக்களுக்காகவும் அல்ல. அது எங்களுக்கென்று அவன் கட்ட நினைத்த அறை. வீட்டில் ஓர் அறையை எங்களுக்காகக் காலியாக வைத்திருக்கிறான். தண்ணீரிலும் ஓர் அறை வைத்துவிட்டால் அப்பாவும் அம்மாவும் வந்து நிலையாகத் தங்கிவிடுவார்கள் என்று எங்கோ மனத்தின் அடியில் நினைத்திருக்கிறான். படகைப் பற்றி ஆமாம் அல்லது இல்லை என்று நாங்கள் சொல்ல வேண்டியது உண்மையில் வேறொன்றுக்கு. அந்தப் பதிலைப் பல ஆண்டுகளாக இருவரும் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்திருக்கிறோம்.

சொல்லிவிட்டோம். “தம்பி, மூணு வருசத்துக்கு ஒருக்கா வந்து ரெண்டு மாசம் இருக்கிறவுகளுக்காகப் படகு வாங்காத. தெனம் ஏறுற பிள்ளைகளுக்காக வாங்கு. நாங்க வருவோம், போவோம். அங்கனயே இருக்க மாட்டோம்யா.”

அவன் கோபித்துக்கொள்ளவில்லை. சரிம்மா, சரிப்பா என்று தனித்தனியாகச் சொல்லிவிட்டு வைத்தான். அன்றிரவு நாங்கள் இருவரும் சரியாகத் தூங்கவில்லை என்பதையும் எழுதிவிட வேண்டும்.

இலவம்பஞ்சைப் பற்றி ஒரு வார்த்தை. கடமலைக்குண்டு, மயிலாடும்பாறை, வருசநாடு வட்டாரமெங்கும் இலவ மரங்கள் உண்டு. எங்களில் ஒருவருடைய தகப்பனார் நெற்றுகளை வாங்கி, உடைத்துப் பஞ்செடுத்துப் போடிக்கு அனுப்பிய சிறு வியாபாரி. இலவு காத்த கிளி என்று ஊரார் அவரைக் கேலி பேசியதுண்டு. அந்தப் பஞ்சின் இழை உள்ளே குழாய்போல் வெறுமையாக இருக்கும். மேலே மெழுகு பூசினாற்போல் நீர் ஒட்டாது. அதனால் செயற்கை நுரைப்பொருட்கள் வருவதற்கு முன்பு, இரண்டாம் உலகப் போர்க் காலத்திலும்கூட, கப்பல்களின் உயிர்காப்புச் சட்டைகளுக்குள் இலவம்பஞ்சைத்தான் அடைத்தார்கள். எண்ணெய் படிந்தால் அதன் மிதக்கும் தன்மை குறைந்துவிடும் என்பது அதன் குறை. தலைக்கு வைத்துப் படுத்த பொருள் நடுக்கடலில் ஆள் உயிரைத் தாங்கியிருக்கிறது என்பதை அந்தப் பெரியவர் கடைசிவரை அறியாமலே போய்விட்டார்.

வைகாசியில் மகன் படம் அனுப்பினான். சிறிய படகு, வெள்ளையும் நீலமும். முன்னால் திறந்த இருக்கையில் பேரப்பிள்ளைகள் உயிர்காப்புச் சட்டை அணிந்து கையாட்டுகிறார்கள். ஆளுக்கொரு சட்டை படகில் இருந்தாக வேண்டும் என்பது அங்கே சட்டம். அவர்கள் வீட்டில் நான்கு பேர். படத்தைப் பெரிதாக்கி, பின்னிருக்கையில் மடித்து வைத்திருந்தவற்றையும் சேர்த்து எண்ணிப் பார்த்தோம். ஆறு இருந்தன.

படகில் கால் வைக்க மாட்டேன் என்று இத்தனை ஆண்டுகள் இருந்தவர் அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “முன்னாடி வேணாம், பின்னாடி ஒக்காந்துக்கிறேன்” என்றார்.